தகரம் நமக்கு, பலகை அவனுக்கு

விசில் ஊதிவிட்டான். இரண்டாவது பாதி ஆரம்பித்தாயிற்று, இனிமேல் தகரம் நமக்கு, பலகை அவனுக்கு, கேட்குதா உங்களுக்கு என்று குனிந்து இவுக காதுக்குள் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். கேட்காமல் என்ன. வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று, காது எங்கே போயிற்று, அது இன்னும் கூர் ஏறித்தான் இருக்கிறது, அடுக்களையில் எலி ஓடினால் எனக்கு முன்னால் இவுக கண் அந்தப் பக்கம் திரும்பும். எனக்கும் இப்போது காதுதான் கண். மில்லில் கொடுத்த இந்த லைன் வீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். ஜன்னலைத் திறந்தால் சுவர் தெரியும், சுவருக்கு மேலே மில் சிம்னியின் தலை தெரியும், வேறொன்றும் தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் இவுகளை விட்டுவிட்டு எங்கே போக, சளி ஏறித் தொண்டையில் நின்றால் நிமிர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும், லைனில் உள்ள சனம் எல்லாம் ஹாக்கி மேட்ச் பார்க்கப் போயாயிற்று. அதனால் என்ன, கேட்டால் போதும். சிம்னிப் பக்கத்துக் கோலில் பலகை கறையான் அரித்துப் போனபிறகு மில்லில் கிடந்த தகரத்தை அடித்து வைத்திருக்கிறார்கள், பந்து பட்டால் தங்கென்று இரையும். ரோட்டுப் பக்கத்துக் கோலில் இன்னும் அந்தக் காலத்துத் தேக்குப் பலகை, பட்டால் டொக்கென்று அடங்கிய சத்தம். முதல் பாதியில் நாம் சிம்னிக்கு முதுகு காட்டி நிற்போம், இரண்டாவது பாதியில் சிம்னியைப் பார்த்து அடிப்போம், அப்போதுதான் சாயங்கால வெயில் அவன் கோல்கீப்பர் கண்ணில் நேராக விழும். இது மாறாது. எங்கள் கிரவுண்டில் காசு சுண்டுகிற வழக்கம் கிடையாது. கரிசல் மண், கோடையில் வாய் பிளந்து கிடக்கும். மில் ஆரம்பித்த புதிதில் மதராஸிலிருந்து ஆட வந்த ஒரு கேப்டன் சுண்டிய வெள்ளிக்காசு நேரே போய் ஒரு வெடிப்பில் விழுந்ததாம். குச்சி விட்டுக் கிண்டினார்கள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், வரவில்லை. பெரிய முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தாராம். "மண்ணு முழுங்கிட்டுய்யா. விருந்தாளிக்கு முதப் பந்து, எங்களுக்குச் சிம்னிப் பக்கம், ஆடுங்க" என்றாராம். அன்றைக்கு ஜெயித்தோம். அன்றையிலிருந்து அதுதான் சட்டம், எந்த ஊர்க்காரன் வந்தாலும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வான்.

முதல் பாதியில் நமக்கும் ராஜபாளையத்துக்காரனுக்கும் கோல் ஒன்றும் விழவில்லை. நல்லதுதான், சும்மா இருந்தாலே போதும் நமக்கு. பூவலிங்கம் சொன்னதை மறுபடி மறுபடி நினைக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், அது துணியில் ஒட்டின நெருஞ்சி மாதிரி, எடுத்துப் போட்டால் விரலில் ஒட்டுகிறது. பூவலிங்கம்தான் இப்போது டீம் மேனேஜர். இவுக நடுவில் நின்று ஆடிய காலத்தில் ஓரத்தில் பந்து பொறுக்கிப் போட்டவன், இன்றைக்குக் கண்ணாடியும் பேனாவுமாக இருக்கிறான், ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. "மதினி, சின்ன முதலாளி வாய்விட்டுச் சொல்லிட்டாரு. இந்த மேட்ச் தோக்காம இருந்தா மொத டிவிஷன்ல நிப்போம், டீம் இருக்கும். டிரா ஆனாக்கூடப் போதும். தோத்தா கலைச்சிருவோம்னுட்டாரு" என்றான். வீடு என்று கேட்டேன். "டீம் ஆளுக்குத்தான மதினி வீடு" என்று காப்பித் தம்ளரைப் பார்த்துச் சொன்னான். வீடு போனால் போகட்டும், திருப்பூரில் மகள் கிரேஸ் இருக்கிறாள், மாடி மேலே மாடியில் ஒரு அறை ஒழித்துத் தருகிறேன் என்கிறாள், மருமகன் தங்கமானவர். ஆனால் அங்கே இந்தச் சத்தம் ஏது. பிராக்டிஸ் நடக்கிற நாளில் மட்டையில் பந்து படுகிற சத்தம் கேட்டால் இவுக வாய் திறக்கும், கஞ்சி இறங்கும். மழை பெய்து பிராக்டிஸ் இல்லாத நாளில் கரண்டியை உதட்டில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பல் பூட்டிக்கொள்ளும். டாக்டரிடம் சொன்னேன், அதெல்லாம் அப்படி இல்லம்மா என்றார். அவருக்கு என்ன தெரியும், கரண்டி பிடிக்கிறது நான். கலைச்சிருவோம் என்றால் என்ன அர்த்தம், ஒரு மனுஷனை மெல்ல மெல்லப் பட்டினி போடுவோம் என்று அர்த்தம். அதைச் சின்ன முதலாளியிடம் போய் யார் சொல்ல. கோயம்புத்தூரில் படித்த பிள்ளை, இன்றைக்கு வந்து பந்தலுக்குள் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. ஓடுகிற சத்தம் வருகிறது, சிம்னிப் பக்கம் போகிறார்கள், நம்ம ஆள்கள்தான், போங்க போங்க, ஒருத்தன் கத்துகிறான், மட்டையும் மட்டையும் மோதுகிறது, ஒரு நொடி ஒன்றுமே இல்லை. தங்.

விழுந்தாயிற்று. தகரம். ஏங்க, தகரம், கேட்டீகளா, நாமதான் என்று சொன்னேன். கொட்டுச் சத்தம் கிளம்பியது, ஆகா, கொட்டு வைத்திருக்கிறார்கள், முதலாளி வருகிறார் என்று பூவலிங்கம் ஏற்பாடு பண்ணியிருப்பான், அன்றைக்கு வாயே திறக்கவில்லை கள்ளன். இவுக முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். இடது கையை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டினார்கள். டொக், டொக். கட்டில் சட்டம் தட்டினால் ஒன்றுக்கு வருகிறது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு, பேச்சுப் போன பிறகு நானாக உண்டாக்கிய ஏற்பாடு. இந்த நேரத்திலா என்று பாத்திரத்தை எடுத்து வைத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார்கள், என்னையே பார்த்துக்கொண்டு, புருவத்தை நெறித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் பந்தைத் தப்பாகக் கொடுத்தவனைப் பார்க்கிற பார்வை. தண்ணீரா என்றேன், தலையணையா என்றேன், ஃபேனா என்றேன், கண்ணை மூடிக்கொண்டார்கள். கோயில்பிச்சை என்று பேர் வைத்தார்களே தவிர யாரிடமும் ஒன்று கேட்டு வாங்கினது கிடையாது இந்த மனுஷன், இப்போது ஒவ்வொன்றும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, கேட்கிறதும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேருக்கும் கோபம் வரும், இரண்டு பேரும் அழுவோம், அப்புறம் பார்த்தால் ஒரு கொசுவாக இருக்கும்.

நல்ல காலத்து டீம் என்று ஒன்று இருந்தது, அதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் எங்களைக் கேலி பண்ணும். சீதாபதி மில் என்றால் வடக்கே பட்டாளத்து டீம்கள்கூட ஒரு தடவை எச்சில் விழுங்கும். பெரிய முதலாளி ஆட்டக்காரன் எங்கே இருந்தாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். குடகிலிருந்து வந்தான் ஒருத்தன், பஞ்சாபிலிருந்து தாடியும் தலைப்பாகையுமாக ஒருத்தர், அவர் எங்கள் வீட்டில் கேப்பைக்களி தின்று பழகி ஊருக்குப் போகும்போது கருவாடு கட்டிக்கொண்டு போனார். எல்லாருக்கும் மில்லில் வேலை, நூல் இழுக்கத் தெரியாது, ஆனாலும் சம்பளம். மேட்ச் நடந்தால் ஷிப்டுச் சங்கு ஊத மாட்டார்கள், ஆட்டம் முடிந்து டீம் பந்தலுக்குத் திரும்பிய பிறகுதான் சங்கு, அதுவரைக்கும் மிஷினில் நிற்கிறவன் நின்றுகொண்டே இருப்பான், ஒருத்தனும் முணுமுணுக்க மாட்டான். டெல்லியில் ஜெயித்துவிட்டு வந்த நாள் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றது, தண்டவாளத்தில் அவ்வளவு சனம். கப்பைக் காணோம், எங்கே எங்கே என்று எல்லாரும் கத்த, இவுக அழுக்குச் சட்டை மூட்டையை அவிழ்த்து அதற்குள்ளிருந்து எடுத்தார்கள், வழியில் களவு போய்விடக் கூடாதாம். பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கப்பில் கருப்பட்டிக் காப்பி ஊற்றினோம். முதல் வாய் எனக்கு, கிரேஸ் அப்போது வயிற்றில். வியர்வை நாத்தமும் கருப்பட்டி வாசமும். அன்றையிலிருந்து ஜெயித்தால் கருப்பட்டி என்று ஆயிற்று, லைன் வீடு எல்லாவற்றிலும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். இன்றைக்குக்கூட ஒரு துண்டு தட்டி டப்பாவில் வைத்திருக்கிறேன். ஜெயிக்கிறதுக்கு முன்னால் எடுத்து வைக்கக் கூடாதோ, அதில் ஏதாவது தோஷம் உண்டோ, ஆண்டவரே, நான் எடுத்து வைக்கவில்லை, டப்பாவில் இருந்தது, இருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

டொக். என் நெஞ்சிலேயே பட்டது மாதிரி இருந்தது. பலகை. போட்டுவிட்டான், ஒன்றுக்கு ஒன்று. சத்தத்தைப் பார், எவ்வளவு பேர் வந்திருக்கிறான் ராஜபாளையத்துக்காரன், லாரி லாரியாக வந்திருப்பான். அதற்குள் ஒரு விசில் கேட்டது, இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து அடிக்கிற விசில், இழுத்துக் கடைசியில் ஒரு சுண்டு சுண்டுவது, அது டீக்கடை கிட்டு அல்லவா. கிட்டு விசிலை எனக்குத் தெரியாதா, இந்த ஊரில் அது ஒருத்தனுக்குத்தான் வரும். வெட்கம் கெட்ட பயல், அவன் கோல் போட்டதற்கு இவன் விசில் அடிக்கிறான். டீ வித்தால் போதும் அவனுக்கு, எவன் ஜெயித்தால் என்ன. வரட்டும், நாளைக்கு மதினி என்று என்னிடம் பால் வாங்க வரட்டும். இவுக பக்கம் திரும்பினேன். இவுக கை சட்டத்தில் டொக் டொக் டொக்கென்று தட்டுகிறது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது, இழுத்த பக்கம் எச்சில் வழிகிறது, கண்ணில் தண்ணீர். அழாதீக, ஒண்ணுதான போட்டிருக்கான், நாமளும் ஒண்ணு, டிரா ஆனாக்கூடப் போதும்னு பூவலிங்கம் சொன்னான்ல, என்று முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்க இழுத்தது. அழுத்தித் துடைத்தேன். கையை என் மணிக்கட்டில் போட்டுப் பிடித்தார்கள், பந்து பிடிக்கிறவன் கை அல்ல, மட்டை பிடித்த கை, இந்த ஒரு கையில் இன்னும் இவ்வளவு பலம் இருக்கிறது, எனக்கு வலித்தது. பாத்திரத்தை மறுபடி வைத்தேன். ஒன்றும் வரவில்லை.

சின்ன முதலாளியையும் குத்தம் சொல்ல முடியாது என்று பூவலிங்கம் சொல்கிறான். இப்போது மண்ணில் யார் ஆடுகிறார்கள் மதினி, எல்லாம் பச்சை விரிப்பு, பாய் மாதிரி விரிக்கிறது, அதில்தான் பெரிய மேட்ச் எல்லாம், நம்ம பையன்கள் மண்ணில் பழகிவிட்டு அங்கே போனால் பந்து பறக்கிற வேகத்தில் முழித்துக்கொண்டு நிற்கிறான்கள், கொஞ்சம் நன்றாக ஆடுகிறவனை ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் கொண்டுபோய்விடுகிறது, ஏலம் போட்டு எடுக்கிற ஆட்டமெல்லாம் வந்தாயிற்று. அப்போ நாமளும் ஒண்ணு விரிக்கிறதுதான என்று கேட்டேன். "விரிக்கலாம் மதினி, அதுக்கு மேட்சுக்கு மேட்ச் தண்ணி அடிக்கணும், நனைஞ்சிருந்தாத்தான் பந்து ஓடும்" என்றான். தண்ணியா என்று கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும் வந்துவிட்டது, இந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கே லாரிக்குப் பின்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், பாய்க்கு எங்கே போய்த் தண்ணீர் தெளிக்க. சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ஆகையால் இன்றைக்கு ஜெயித்தாலும் பின்னால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இன்னும் ஒரு வருஷம். வருஷம் போதும், இவுக இருக்கிற மட்டும் மட்டைச் சத்தம் கேட்டால் போதும், அதற்கப்புறம் அந்தக் கிரவுண்டில் வெள்ளரி போடட்டும், கல்யாண மண்டபம் கட்டட்டும், நான் கேட்க மாட்டேன். இது பொல்லாத நினைப்பு, இருக்கிற மட்டும் என்று நானே கணக்குப் போடுகிறேனே, என்ன பொம்பளை நான். தங்.

தங்கென்று அடித்ததே, அடித்ததுதானே, ஆமாம், கொட்டு கிளம்பிவிட்டது. ரெண்டு, ஏங்க, ரெண்டு. சுடலைமணியாகத்தான் இருக்கும், கேப்டன் ஆனதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு கோல்கூட விழவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தது, போன வாரம் வந்து இவுக காலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. நான் ஒரு கிறுக்கச்சி மாதிரி ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறேன். இவுக தட்டுகிறதை விட்டுவிட்டார்கள். கை சட்டத்தின் மேல் கிடக்கிறது, உள்ளங்கை மேலே பார்க்க. களைத்துப்போய்விட்டார்கள். கொஞ்ச நேரந்தான் இருக்கும், வெயில் சிம்னி உச்சியில் மஞ்சளாக அடிக்கிறது, அவன் கோல்கீப்பர் கண் கூசிக்கொண்டு நிற்பான், நிற்கட்டும். ரோட்டுப் பக்கம் சத்தம் கூடுகிறது. ஏன் கூடுகிறது, ஏன் அங்கேயே நிற்கிறது. விசில். எல்லாரும் ஒரே குரலாக ஓ என்கிறார்கள், யாரோ பெனால்டி கார்னர் பெனால்டி கார்னர் என்று கத்துகிறான். பலகைப் பக்கம். ஐயோ, இது விழுந்தால் ரெண்டுக்கு ரெண்டு, டிராதான், டிரா ஆனாக்கூடப் போதும், ஆனால் அதற்கப்புறம் இன்னொன்று விழுந்தால். மண்டி போட்டுவிட்டேன், கட்டிலைப் பிடித்துக்கொண்டு. ஆண்டவரே, இந்தப் பந்து உள்ளே போகக் கூடாது, உமக்கு இது பெரிய காரியமா, ஒரு சாண் விலக்கிவிடும், எனக்காக இல்லை, இந்தா படுத்திருக்கிற மனுஷனுக்காக. கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் தலைக்குப் பக்கத்தில் இவுக கை சட்டத்தை அடிக்கிறது, தட்டவில்லை, அடிக்கிறது, டொக்கு டொக்கு டொக்கு என்று கட்டிலே ஆடுகிறது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. பொறுங்க, பொறுங்க, ஜெபம் பண்ணுறேன்ல என்று அந்தக் கையைப் பிடித்து என் இரண்டு கைக்கும் நடுவில் அடக்கி வைத்துக்கொண்டேன். பந்தைத் தள்ளினான், நிறுத்தினான், அடித்தான். பலகை இல்லை. ணங்கென்று ஒரு சத்தம், கம்பத்தில் பட்டுத் தெறித்த சத்தம். அப்புறம் நீள விசில்.

ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு எழுந்து டப்பாவைத் திறந்து கருப்பட்டித் துண்டை எடுத்து நுனியில் கடித்து, விக்காத அளவுக்குச் சின்னதாக இவுக நாக்கில் வைத்தேன். வாய் திறந்து வாங்கிக்கொண்டார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். சுவருக்கும் லைனுக்கும் நடுவில் உள்ள சந்தில் ஆள்கள் வருகிற காலடிச் சத்தம், ஒருத்தரும் பேசவில்லை, மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு யாரோ போகிறான். ஜன்னலில் கிட்டு தலை தெரிந்தது. பால் விஷயம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே, "ஏ கிட்டு, ரெண்டுக்கு ஒண்ணுதான?" என்றேன். "ஆமா மதினி, ரெண்டுக்கு ஒண்ணு" என்றான். குரல் தரையில் கிடந்தது. "வயசாகியும் விசிலு போகலை ஒனக்கு. அவன் கோலுக்கு எதுக்குய்யா அடிச்சே?" என்றேன். அவன் நின்றான். "அவன் கோலுக்கு நான் ஏன் மதினி அடிக்கேன். நம்ம சுடலைமணி போட்டான், அதுக்குல்லா அடிச்சேன்." "பலகையில விழுந்ததுக்கு அடிச்சியேய்யா" என்றேன். "பலகையிலதான் மதினி நாம போட்டோம். மதுரையிலேருந்து வந்த அம்பயரு காசு சுண்டித்தான் ஆகணும்னுட்டாரு, சட்டமாம். பூவலிங்கம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். தரையில விழாம கையிலயே பிடிச்சிட்டாரு. அவன் சிம்னியக் கேட்டு வாங்கிட்டான்" என்றான். "அண்ணன்ட்ட சொல்லாதிய மதினி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொல்லாதிய என்கிறான். தகரத்தில் விழுந்தது அவனுடையது, இரண்டும் அவனுடையது. கொட்டு அவன் கொட்டு. கடைசியில் பலகைக்கு வந்த பந்து சுடலைமணியுடையது, உள்ளே போயிருந்தால் ரெண்டுக்கு ரெண்டு, டிரா ஆனாக்கூடப் போதும், டிரா ஆனாக்கூட. ஒரு சாண் விலக்கிவிடும் என்று கேட்டேன், கேட்டபடி விலக்கிவிட்டார். நான் கேட்டதாலா கம்பத்தில் பட்டது, அப்படி இருக்காது, என் ஜெபத்தைக் கேட்டுத்தான் பந்து ஓடுகிறதா என்ன, அப்படி இருக்காது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கூட்டம் கிளம்பிய சத்தத்திலேயே இவுகளுக்குத் தெரிந்திருக்கிறது, யார் தொண்டை யார் தொண்டை என்று, முதல் தகரத்திலேயே தெரிந்துவிட்டிருக்கிறது, மரத்தைத் தட்டித் தட்டிக் காட்டியிருக்கிறார்கள், நம்முடையது மரம், மரம் என்று, நான் பாத்திரத்தை வைத்தேன். கோல் விழுந்தபோது இழுத்துக்கொண்டு போன வாய் அழவில்லை. இத்தனை மாசம் கழித்து ஒரு தடவை சிரித்திருக்கிறார்கள், நான் அழுத்தித் துடைத்துவிட்டேன். தோற்றது தெரிந்தும் வாய் திறந்து கருப்பட்டியை வாங்கிக்கொண்டார்கள், இந்தக் கிறுக்கச்சி கொடுக்கிறாளே என்று. திருப்பூரில் மாடி மேலே மாடியில் என்ன சத்தம் கேட்கும், தையல் மிஷின் கேட்குமாயிருக்கும். பிடித்து வைத்திருந்த சங்கை இப்போதுதான் விட்டார்கள், நீளமாக ஊதி அடங்கியது. கட்டில் பக்கம் போய் உட்கார்ந்தேன். இவுக கன்னத்துக்குள் கருப்பட்டி இன்னும் கரையவில்லை, ஒரு சின்ன மேடாகத் தெரிந்தது. விரலை மடக்கிக் கட்டில் சட்டத்தில் ஒரே ஒரு தடவை தட்டினேன். டொக். இவுக என்னைப் பார்த்தார்கள். வாய் மெல்ல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று, ஓரத்தில் எச்சில் இறங்கிற்று. முந்தானையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.